பூண்டைத் தாண்டாத மாமனார்

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு, ஒரகடம் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, செந்தாமரை அடுக்ககத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் கதவு திறந்து மாவிளக்கு எரிந்து சர்க்கரைப் பொங்கலில் நெய் மிதந்துகொண்டிருந்த நேரத்தில், போன மாசியில் செத்துப்போன பேக் மான்-சோக் என்கிற கொரியாக்காரப் பெரியவர், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, பேரிக்காய்த் தோட்டத்துச் சேறு காலில் இன்னும் காயாமல், கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். செக்யூரிட்டி தங்கவேலு அவரை மேலும் கீழும் பார்த்தார், நோட்டை நீட்டினார்.

"பேரு, ஊரு, யாரைப் பாக்கணும், மூணும் எழுதுங்க. வண்டி இல்லல்ல? அப்ப அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டுடுங்க."

பெரியவர் எழுதினார், கோடும் போட்டார்.

"அட, தேசிகன் சாரோட அப்பாவா? மாசியில தவறிட்டதாச் சொன்னாங்களே! மூணாவது மாடி, சி வீடு. லிஃப்ட் ரிப்பேரு, படியிலதான் போவணும், பாத்து."

அவருடைய மகன் பெயர் தே-சிக். அடுக்ககம் அவரை வந்த முதல் வாரமே தேசிகன் ஆக்கிவிட்டது, அவரும் மறுக்கவில்லை.

பெரியவர் படியேறி முடிப்பதற்குள், மூன்றாவது மாடி சமையலறையில் நடந்துவிட்ட அநியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அநியாயத்தைச் செய்தவள் பிலோமினா. பதினாறு வயது. சாலைக்கு எதிர்ச்சாரியில் மாட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் சவரிமுத்துவின் ஒரே மகள். அவளுக்கு ஊரில் இருக்கிற அத்தனை பேர் குரலும் வரும். அடுக்ககச் செயலாளர் கோதண்டபாணியின் குரலில் இன்டர்காமில் "தண்ணி லாரி வந்தாச்சு, பக்கெட்டோட எறங்குங்க" என்று சொல்லி முப்பத்தாறு வீட்டையும் வெறும் தரையில் வரிசையாக நிற்க வைத்திருக்கிறாள். பால்காரரின் குரலில் பால்காரரையே போனில் திட்டி அவரை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறாள். பங்குத் தந்தையின் குரலில் கோயில் மைக்கைப் பிடித்து "இன்றைக்குப் பிரசங்கம் கிடையாது" என்று அறிவித்து, ஆலயமே ஆமென் என்றதைக் காதால் கேட்டிருக்கிறாள். இத்தனை குரலில் பேசியவளுக்கு நேர்ந்த ஒரே கஷ்டம், அவளுடைய சொந்தக் குரல் எது என்று யாருக்கும் தெரியாமல் போனதுதான். எப்போதாவது மறந்து அதில் பேசினால் பெற்ற தாயே, "இது யாரு மாதிரிடி?" என்று கேட்பாள்.

பிலோவுக்கும் தேசிகன் சாரின் மனைவி ஹேரானுக்கும் சிநேகிதம் கறியால் வந்தது. புரட்டாசி பிறந்தால் சவரிமுத்துவின் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ வராது. வாரத்துக்கு ஒரே மாடு, அதுவும் கொரியாக்காரர்கள் புண்ணியத்தில். அவர்களுக்காகவே அவர் விலா எலும்பைக் குறுக்கே வாளால் அறுத்து மூன்று விரல் அகலத் துண்டாக்கக் கற்றுக்கொண்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பிலோ, ஹேரானுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்த லட்சணம், ஹேரான் காய்கறிக்காரியிடம் பேரம் பேசினால் தங்கவேலு பேசுவது போலவும், வணக்கம் சொன்னால் பங்குத் தந்தை ஆசீர்வதிப்பது போலவும் இருக்கும்.

அன்றைக்கு ஹேரான் ஊரில் சூசொக் பண்டிகை. காலையில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள், அவர்களுக்குப் படைக்க வேண்டும். அவளுடைய மாமனார், கல்யாணத்துக்குப் பிறகு உயிரோடு இருந்த ஆறு வருஷமும் அவள் கையால் ஒரு பருக்கை தின்றதில்லை. மகன் தோட்டத்தை விட்டுவிட்டு இந்தியாவில் கார் கம்பெனிக்கு ஓடியதற்கு மருமகள்தான் காரணம் என்று அவருக்குக் கோபம். ஒவ்வொரு சூசொக்குக்கும் அவள் ஊருக்குப் போய்ப் படைத்த மேஜையில் ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். அவர் செத்த சேதி கேட்டு விமானம் பிடித்துப் போனபோது, மண் போட்டு மூடியாகிவிட்டது. முதல் வருஷம் வருகிறவர் உச்சிப் பொழுதுக்குள் சாப்பிடாமல் திரும்பினால் வழி மறந்துவிடும், பிறகு எந்த வருஷமும் வரமாட்டார் என்பது அவர்கள் பக்கத்து வழக்கு. அதனால் ஹேரானுக்கு இருந்தது ஒரே ஒரு காலை.

மூன்று கிலோ விலாவை விடியலுக்கு முன்பே தண்ணீரில் போட்டு, ரத்தம் இறங்க இறங்க நாலு முறை தண்ணீர் மாற்றி, ஒரு கொதி விட்டுக் கழுவி, சோயா சாறு, அரைத்த ஊட்டிப் பேரிக்காய், நல்லெண்ணெய் விட்டு, காய்ந்த இலந்தைப் பழமும் செஸ்ட்நட் கொட்டையும் போட்டு, சிறு தீயில் அவள் வைத்த கறிக்குக் கல்பிச்சிம் என்று பெயர். துணிக்கொடியை அவிழ்த்துவிட்டாள், வருகிறவர் கழுத்தில் மாட்டக் கூடாதாம். வாசல் கதவை விரியத் திறந்துவைத்தாள். தே-சிக் கம்பெனியில் லைன் நின்றுவிட்டது என்று அதிகாலையே போய்விட்டார். அங்கே போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே துணைக்கு பிலோதான்.

"பூண்டு வேண்டாம். மிளகாய் வேண்டாம்" என்று கோதண்டபாணியின் குரலில் சொல்லிவிட்டு ஹேரான் குளிக்கப் போனாள்.

பிலோ ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். மறுபடி ருசி பார்த்தாள். பாவம் இந்த அக்கா, என்று நினைத்தாள். செயலாளர் போன வாரம்தான் லிஃப்டில் ஒட்டியிருந்தார்: புரட்டாசி முடியும்வரை பூண்டு மசாலா வாசனை நடைவழிக்கு வரக் கூடாது. அந்த மனுஷனுக்குப் பயந்துதானே இப்படிச் செத்தவருக்குப் பத்தியச் சோறு சமைக்கிறாள்? பெருமாளுக்குப் பூண்டு ஆகாது, சரி, ஒத்துக்கொள்கிறோம்; கறிக்குப் பூண்டு ஆகாது என்று உலகத்தில் எவன் சொன்னான்? பதினைந்து பல் பூண்டை உரித்து, நசுக்கி, இரண்டு கரண்டி மிளகாய்த்தூளோடு சட்டியில் தள்ளிக் கிளறிவிட்டாள். வாசனை சமையலறையிலிருந்து கிளம்பிக் கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போய்க் காவல் நின்றது.

அப்போதுதான் பெரியவர் மூன்றாவது மாடிப் படியில் தலை காட்டினார்.

ஹேரான் பட்டுப் பாவாடையும் நீளக்கை மேல்சட்டையும் உடுத்தி வந்து, தரையில் நெற்றி படக் கும்பிட்டாள். பெரியவர் ஒரு காலை உள்ளே வைக்கப் போனார், வைக்க முடியவில்லை. தோளைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் நாலு அடி போய் வேகமாக வந்து பார்த்தார். கண்ணாடியில் முட்டிய குருவி மாதிரி நின்று மூக்கைத் தேய்த்தார். "ம்ஹூம்" என்று ஒரு கனைப்பு கனைத்தார்.

பிலோ நினைத்தாள்: மாமனார் கோபம், மகன் கூப்பிட்டால் வருவார். உடனே தே-சிக்கின் குரலை எடுத்து, "அப்பா, தயவுசெய்து உள்ளே வந்து உட்காருங்கள்" என்று, கறி கொடுக்கப் போன வீடுகளில் கேட்டுப் பழகிய அவர் பாஷையிலேயே தேன் ஒழுகக் கூப்பிட்டாள். பெரியவர் சடாரென்று திரும்பினார். முகம் ஒரு நொடி பேரிக்காய்ப் பூவாக மலர்ந்தது. பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்து, ஏதோ சொன்னார்.

"என்னக்கா சொல்றாரு?"

"குரல் சரியாம். மரியாதை ஜாஸ்தியாம். என் பையன் இப்படிப் பேசினா நான் செத்திருக்கவே மாட்டேன்னு சொல்றார்" என்றாள் ஹேரான், சொல்லும்போதே மூக்கு விடைத்தது, ஓடிப்போய்ச் சட்டி மூடியைத் திறந்தாள்.

"பூண்டு! இறந்தவங்களுக்குப் பூண்டு கதவு! பூட்டு! யார் போட்டது?"

"நான்தான் போட்டேன்" என்றாள் பிலோ. பயத்தில் அவளுடைய சொந்தக் குரல் வந்துவிட்டது.

"வெளையாடாதே. இது யார் குரல்?"

"என் குரல்தான்கா. சத்தியமா. சப்புனு இருந்துச்சு, நீங்க செயலாளர் சார் நோட்டீஸுக்குப் பயந்துட்டீங்கன்னு நெனச்சிப் போட்டுட்டேன்."

ஹேரான் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆறு வருஷம் அவர் வேண்டாம்னு சொன்னார். இன்னிக்கு வேணும்னு வந்தார்" என்றாள்.

இதற்குள் நடைவழி நிறைந்துவிட்டது. தளிகைக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடும், கோவிந்தா போடக் கிளம்பிய பிள்ளைகள் நாமம் தீட்டிய சொம்போடும் வந்து நின்றார்கள். செத்தவர் வந்திருக்கிறாரே என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கு மகாளய பட்சம் பிறக்கிறது, அவரவர் வீட்டுக்கும் ஆள் வரும், இவர் ஒரு நாள் முந்திவிட்டார், அவ்வளவுதான்.

"எவ்ளோ தூரம்! நேரா வந்தாரா, சிங்கப்பூர்ல மாறி வந்தாரா?"

"கால்ல பாருங்க, ஈரம் காயல. யாராச்சும் துண்டு குடுங்கப்பா."

"ஏங்க, அங்க எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா? ஒல்லியா இருப்பாரு, சளி புடிச்சிருக்கும்" என்று இரண்டாவது மாடி சுலோச்சனா கேட்டாள். பெரியவர் யோசித்தார், தலையை ஒரு மாதிரி ஆட்டினார், அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நின்று நின்று கால் கடுத்த பெரியவர், எதிரே பூண்டு வாசனையே இல்லாத ஒரு வாசலைக் கண்டார், விறுவிறுவென்று உள்ளே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். அது கோதண்டபாணியின் வீடு. அவர் மனைவி அலமேலு சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வைத்து நீட்டினாள். பெரியவர் இரண்டு கையாலும் கும்பிட்டு வேண்டாம் என்றார். புளியோதரைக்கும் அதே கும்பிடு. தயிர்ச்சோற்றுக்கும் அதே.

"வெளியார் கை சாப்பாடு ஆகாது. வீட்டாள் கையால்தான்" என்றாள் ஹேரான் வாசலில் நின்று. "புதுக் கறி வேணும். பூண்டு படாத சட்டி வேணும். உச்சிக்குள்ள."

பிலோ போனை எடுத்தாள். "அப்பா, வெலா இருக்கா?"

"இன்னாம்மா வெளையாடுற? இந்த வாரத்து மாடு முடிஞ்சுது. அடுத்தது புதன்கெழம. கடைசியா இருந்த வெலாவே நாலரைக் கிலோ, மூணு அந்த அம்மாவுக்குக் குடுத்தோம், மிச்சம் ஒன்றரை..." என்று ஆரம்பித்த சவரிமுத்து, நடுவில் குரலை விழுங்கினார். "மிச்சம் எங்க போச்சுன்னு உனக்கே தெரியும். நான் சொல்ல மாட்டேன். வியாபார தர்மம்."

பிலோவுக்குத் தெரியும். வாராவாரம் துணிக்கடைப் பையில் வைத்து, மேலே ஒரு ரவிக்கைத் துணி போர்த்தி, அவளே கொண்டுவந்து கொடுப்பது. அவள் மெதுவாகக் கோதண்டபாணியைப் பார்த்தாள். நெற்றியில் அகலமாக நாமம் இட்டிருந்த கோதண்டபாணி, மின்விசிறியைப் பார்த்தார்.

"சார்" என்றாள் பிலோ.

"என்கிட்ட என்ன இருக்கு? இன்னிக்குச் சனிக்கிழமை! புரட்டாசி! இந்த அசோசியேஷன்ல ஒரு ஒழுங்குன்னு..."

"டைகரோடது சார்."

உள்ளே பால்கனியிலிருந்து, தன் பெயரைக் கேட்ட லாப்ரடார் ஒருமுறை குரைத்தது. கோதண்டபாணியின் நாமம் வியர்வையில் மெல்ல இறங்கத் தொடங்கியது. "அது... டாக்டர் எழுதிக் குடுத்த ஏதோ டப்பா சாப்பாடு..." என்றார்.

"போதும் நிறுத்துங்க" என்றாள் அலமேலு. "நாலு வருஷமா வேப்பம்புண்ணாக்குன்னு சீட்டு ஒட்டிப் பால்கனி பிரிட்ஜுல வச்சிருக்கீங்களே, வீட்டுல ஒரு ரோஜாச் செடியாவது இருக்கா நமக்கு? நாய்க்கு ஏது புரட்டாசின்னு நானும் சும்மா இருந்தேன். ஒரு மனுஷன் செத்தும் பசியோட வந்து நம்ம வீட்டுல ஒக்காந்திருக்காரு. எடுங்க வெளியில."

கோதண்டபாணி நாயைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஏற்கெனவே பால்கனிக்குப் போய், டைகரின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். கோதண்டபாணி பிரிட்ஜைத் திறந்தார்.

இப்போது தடுமாறியது ஹேரான். டைகருக்குப் பூண்டு ஆகாது என்று மருத்துவர் சொன்னதால், பால்கனியில் அதற்கென்றே ஒரு தனி அடுப்பு, தனிக் குக்கர், தனிக் கரண்டி. வாங்கிய நாள்முதல் ஒரு பல் பூண்டு அதன் பக்கம் போனதில்லை. அடுக்ககத்தில் மாட்டுக்கறி வேகலாம், பூண்டு படவில்லை என்கிற பாத்திரம் அது ஒன்றுதான். "மாமனாருக்கு, நாய்ச் சட்டியில்?" என்றாள் அவள். மணி பத்தே முக்கால். பெரியவர் அந்தக் குக்கரை எடுத்து, உள்ளே மோந்து பார்த்து, மூடியைத் திருகிப் பார்த்து, ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவி, அவளிடம் நீட்டினார்.

ஹேரான் கையில் வாங்கிக்கொண்டாள்.

பிறகு பாருங்கள் அந்த மூன்றாவது மாடியை! பட்டு உடையில் பூண்டு ஏறிவிட்டது என்று ஹேரானை இழுத்துப்போய்த் தலைக்கு ஊற்றி, தன் மடிப் புடவையைச் சுற்றிவிட்டாள் அலமேலு. தங்கவேலு கேட்டைப் பூட்டிவிட்டு, பிரிக்காத சோயா புட்டிக்காக நாலு தெரு ஓடினார். சுலோச்சனா தளிகைப் பழத்தட்டிலிருந்து பேரிக்காயை எடுத்துக் கொடுத்தாள். சி வீட்டுக் கதவைச் சாத்தி அடியில் ஈரத்துண்டு திணித்தார்கள். பிலோ உதவிக்கு ஓடிவந்தாள். "கையைக் காட்டு" என்று அலமேலு மோந்து பார்த்து, "அங்கேயே நில்லு" என்று வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். உள்ளே வரமுடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. நின்ற இடத்திலிருந்தே அவள் கிரிக்கெட் வர்ணனையாளர் குரலில் முழங்கினாள்: "இதோ, ஹேரான் கறியைக் கழுவுகிறார்! வெந்நீரில் ஒரு கொதி! ரத்தம் இறங்குகிறது! பேரிக்காய் உள்ளே போகிறது! கோதண்டபாணி அடுப்பைப் பற்ற வைக்கிறார், பற்றவில்லை, மீண்டும் பற்ற வைக்கிறார்..."

குக்கர் முதல் விசில் அடித்தபோது நடைவழி "ஒண்ணு!" என்றது. இரண்டாவதுக்குக் கீழ் மாடியும் சேர்ந்துகொண்டது. ஆறாவதை முப்பத்தாறு வீடும் எண்ணியது. பதினோராவது விசிலில் ஹேரான் கையை உயர்த்தினாள். மணி பதினொன்று நாற்பத்தைந்து.

எங்கே படைப்பது என்று ஒரு கணம் பேச்சு எழுந்தது. பெருமாளுக்கு முன்னால் மாட்டுக்கறி ஆகாது. சி வீட்டில் பூண்டு. நடைவழியில் பூந்தொட்டிகூட வைக்கக் கூடாது என்று மூன்று சுற்றறிக்கை விட்ட கோதண்டபாணி, யாரையும் கேட்காமல், சி வீட்டுக் குட்டைக்கால் மேஜையைத் தானே கழுவித் துடைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நடைவழியின் நட்டநடுவில் வைத்தார். அலமேலு பெருமாளுக்குக் காட்டிய வெள்ளைச் சோற்றைக் கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்தாள். ஹேரான் கறியைப் பரிமாறி, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசிக் கள்ளை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சோற்றில் கரண்டியைச் செங்குத்தாக நட்டு, மடிப் புடவை தடுக்கத் தடுக்க விழுந்து கும்பிட்டாள்.

"எல்லாரும் திரும்பிக்குங்க. அவர் ஒன்பது வாய் சாப்பிடற நேரம் பார்க்கக் கூடாது."

செந்தாமரை அடுக்ககம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. நாமம் தீட்டிய சொம்புகளும் வடைக் கரண்டிகளும் சுவரைப் பார்த்தன. பிலோவின் காது தலையை விட்டுப் பின்பக்கமாக வளர்ந்துவிடும் போல இருந்தது. கள் கிண்ணத்தை எடுக்கும் சத்தம். குடிக்கும் சத்தம். கீழே வைக்கும் சத்தம். ஹேரான் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், ஆறு வருஷமும் இந்த இடத்தில்தான் அவர் எழுந்துபோவார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

கரண்டி கிண்ணத்தில் உரசியது. பிறகு எலும்பை உறிஞ்சுகிற சத்தம், ஊரே கேட்கிற மாதிரி, வெட்கமே இல்லாமல், நீளமாக. பிலோ வாழ்நாளில் கேட்ட குரல்களிலேயே அதைத்தான் திரும்பச் செய்துபார்க்க முடியாது என்று நினைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் விரல் விட்டாள். ஒன்பது போய்ப் பத்தாயிற்று, பத்து போய்ப் பதினாறாயிற்று, அப்புறம் மேஜை மேல் வெறும் கிண்ணம் சரசரவென்று நகர்கிற ஓசை.

ஹேரான் வழக்கத்தை மீறித் திரும்பிவிட்டாள். பெரியவர் சோற்றுக் கிண்ணத்தை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, மீசையில் குழம்போடு, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்று.

"பிலோ!" என்று ஹேரான் கத்தினாள், யார் மாதிரியும் இல்லாமல், அழுகையும் சிரிப்புமாக, தொண்டை கிழிய. "சோறு! சோறு கொண்டா! மாமா ரெண்டாவது கேக்கறார்!"

அலமேலு வீட்டுச் சோறு அந்தக் கிண்ணத்தோடு தீர்ந்தது. குழம்பு ஊற்ற ஊற்ற அவர் தின்றார், கடித்து முடித்த எலும்பை டைகருக்குப் போட்டார், மறுபடி கிண்ணத்தைத் தள்ளினார். அன்று சி வீட்டைத் தவிர அடுக்ககத்தின் எந்த அடுப்பிலும் பூண்டு இல்லை. ஹேரான் கையால் வாங்கிப் பரிமாறினால் எந்த வீட்டுச் சோறும் அவருக்கு ஆகும் என்று கோதண்டபாணி நடைவழியில் நின்று தீர்ப்புச் சொன்னதுதான் தாமதம், முப்பத்தாறு வீட்டுக்கும் ஆள் பறந்தது, படியில் ஒருவர் மேல் ஒருவர் இடித்தார்கள், பிலோ அடுக்குப் பானையை அலமேலுவின் தடையையும் மறந்து தலையில் தூக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவினாள்.

பெரியவர் உச்சிக்கு முன்னால் போனாரா, பின்னால் போனாரா, படியில் போனாரா, எப்படிப் போனார் என்று இன்றைக்குவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் செந்தாமரை அடுக்ககம் மொத்தமும் மூன்றாவது கிண்ணத்துக்குச் சோறு கொண்டுவர ஓடிக்கொண்டிருந்தது.